பன்னிரண்டு பெஞ்சு

அந்தப் பண்ணைப் பயிற்சி மையத்தின் வகுப்பறையில் பன்னிரண்டு பெஞ்சுகள் கிடந்தன. பதினெட்டு வருடமாக அவற்றில் உட்கார்ந்தது ஒரு பூனைதான். பாடம் நடந்ததெல்லாம் வெளியே, மாட்டுக் கொட்டகையிலும் கிணற்று மேட்டிலும் முழங்கால் சேற்றிலும். நடத்தியவள் ஸ்பானரக்கா.

பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. அதைச் சம்பளப் பட்டியலைத் தவிர யாரும் எங்கும் பார்த்ததில்லை. அவளைக் கட்டிக்கொடுத்தது ஒரு பம்புசெட் மெக்கானிக்குக்கு. மெக்கானிக் என்று பேர்தான். அவன் மரத்தடியில் மல்லாந்து கிடந்து, "அந்த நட்டக் கழட்டு, இந்த வாஷரப் போடு" என்பான். இவள் கிணற்றுக்குள் இறங்குவாள். போகப்போக அவனைவிட இவளுக்கு அதிகம் தெரிந்துபோய், சொல்கிற வேலையும் அவனுக்கு மிச்சமானது. ஒருநாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான். வாழ்நாளில் அவன் முழுசாகச் செய்து முடித்த ஒரே வேலை அதுதான்.

கையில் ஸ்பானர் பெட்டியும் இடுப்பில் ஒரு மகளுமாக நின்றவளுக்கு, மையத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை கிடைத்தது. அப்போது அங்கே ஒரு வாத்தியார் இருந்தார். போர்டில் மோட்டார் படம் வரைவார். நாலு கலர் சாக்பீஸில் கண்ணைப் பறிக்கும். வெளியே நிஜ மோட்டார் ஓடாமல் நாற்று கருகிக்கொண்டிருக்கும். ஒருநாள் இவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு மோட்டாரைப் பிரித்தாள். வகுப்பு மொத்தமும் எழுந்து வெளியே வந்து சுற்றி நின்றது. அப்புறம் உள்ளே திரும்பவேயில்லை. வாத்தியார் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போனார். சம்பளம் மட்டும் எங்கே போனாலும் சரியாக வந்துவிடும்.

படிப்பு ஏறாது என்று பள்ளிக்கூடங்கள் கைகழுவிய பிள்ளைகள்தான் அவளிடம் வந்தார்கள். மோட்டார் கட்டவும், நாற்று விடவும், கன்று ஈன முடியாமல் தவிக்கிற மாட்டுக்குக் கைகொடுக்கவும் கற்றுக்கொண்டு போனார்கள். இந்த வருடம் இருபத்தாறு பேர்.

இந்த வருடம்தான் மையத்துக்குப் பணம் கொடுக்கிற கவுன்சிலுக்கு பட்ஜெட்டில் எதையாவது வெட்ட வேண்டும் என்று கை அரித்தது. ஓர் ஆபீசரை அனுப்பினார்கள். ஷூவில் சேறு பட்டுவிடும் என்று அவர் வகுப்பறையைத் தாண்டவில்லை. பெஞ்சின்மேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார்.

"தூசி."

"ஆமா சார். பிள்ளைங்க எல்லாம் கொட்டாயில இருக்காங்க. இருபதடிதான், வந்து பாருங்க."

"அட்டென்டன்ஸ் கிளாஸ்லதாம்மா எடுக்கணும். கொட்டாயில இருக்கிறது மாடு."

"மாடாவது இருக்கிற எடத்துல இருக்கு சார்."

அவர் காதில் விழாத மாதிரி பெஞ்சுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, 'பயனாளிகள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். சாப்பாட்டு மேஜை காலியாக இருக்கிறது, ஆகவே இந்த வீட்டில் அடுப்பே கிடையாது என்று எழுதுகிற புத்தி. அதற்கு ஒரு பட்டம், ஒரு ஜீப்பு.

வியாழக்கிழமை கூட்டம், மையத்தை மூடுவது பற்றி முடிவு என்று கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற மகள் அதை வாசித்துக் காட்டினாள்.

"உனக்கு மூணு நிமிஷம் தருவாங்களாம்மா. நான் அழகா எழுதித் தரேன், மனப்பாடம் பண்ணிக்கோ."

"போடி இவளே. பேசிப் பொழைக்கிறவன்கிட்டப் போய்ப் பேச்சுல ஜெயிக்க முடியுமா? இருபத்தாறு பிள்ளைங்க பாதியில நிக்குதுங்க. நான் வேற வழி பாக்கறேன்."

கவுன்சிலர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேர் வீட்டுக்கும் அவள் போனாள். முன்வாசலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம், கொட்டகைக்கும் பம்பு ரூமுக்கும். அங்கே வேலை செய்துகொண்டிருந்த அந்தந்த வீட்டுப் பெண்களிடம் ஒரே வார்த்தைதான்: "வியாழக்கிழமை வந்து உட்காருங்க."

கூட்டத்தில் பெஞ்சுகளின் போட்டோவைச் சுவர் அகலத்துக்குக் காட்டினார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார். "நானும் ஒரு விவசாயிதான். வலிக்கத்தான் செய்யுது. ஆனா காலி பெஞ்சுக்குச் செலவு பண்ண முடியாது."

ஸ்பானரக்கா எழுந்தாள். "தலைவரே, உங்க வீட்டுக் கறுப்பு மாடு கன்னு போட்டுச்சே. காளையா, கிடேரியா?"

தலைவர் ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் ஃபைலைப் பார்த்தார். ஃபைலில் மாடு இல்லை.

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

பின்வரிசையிலிருந்து தலைவர் மனைவி எழுந்தாள். "ரெட்டைக் கிடேரி. பத்து நாளாச்சு. விவசாயியாம் விவசாயி! கன்னு குறுக்க மாட்டி மாடு கதறுது, நான் போன் போட்டதும் இவகிட்டப் படிக்கிற ரெண்டு பொண்ணுங்க சைக்கிள்ல வந்து கைவிட்டு எடுத்துச்சுங்க. நீங்க போர்வைக்குள்ள கெடந்தீங்க. கதவச் சாத்துடி, சத்தமா இருக்குன்னீங்க."

சபை சிரித்த சிரிப்பில் மற்ற எட்டுப் பேரும் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள். அவரவர் வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. அந்தப் பெண்கள் சிரிக்கவில்லை. முறை வருமென்று காத்திருந்தார்கள். தலைவர் குரல் இறங்கிவிட்டது.

"வெட்டப் போறோம்னு பேப்பர்ல எல்லாம் சொல்லியாச்சும்மா. ஒண்ணுமே வெட்டலைன்னா எங்க மரியாதை என்னாகும்?"

"அட, அவ்வளவுதானா? பெஞ்ச வெட்டுங்க. பன்னெண்டையும் தூக்கிட்டுப் போங்க, ரூமையும் பூட்டிக்கோங்க. கொட்டாயையும் கெணத்தையும் மட்டும் தொடாதீங்க."

ஒருமனதாக நிறைவேறியது. ஆபீசர் அதையும் நீட்டி முழக்கி எழுதினார். மறுநாள் இருபத்தாறு பேரும் வழக்கம்போலச் சேற்றில் நின்றார்கள். பூனை கொட்டகைக்குக் குடிவந்தது.

பெஞ்சுகள் இப்போது கவுன்சில் ஆபீஸ் வராந்தாவில் கிடக்கின்றன. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஆபீசரும் அவர் கூட்டாளிகளும் இடம் விடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பெஞ்சில் ஒரு பொட்டுத் தூசி கிடையாது.