புஷ்பாவின் பழைய சத்தம்

இன்டர்நெட்டில் புஷ்பா இருக்கிறாள் என்று சொன்னால் முத்தாபுதுப்பேட்டையில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குட்மார்னிங் படம் அனுப்பக்கூட அவளுக்கு வராது. ஆனாலும் இருக்கிறாள், பதினோரு வருடமாக. முகம் கிடையாது, பெயர் கிடையாது. அவளுடைய இருதயத்தின் சத்தம் மட்டும் இருக்கிறது.

அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. புருஷன் ரகுநாதனுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை, குடித்தனம் குவார்ட்டர்ஸில். பத்துப் படி ஏறினால் புஷ்பாவுக்கு மூச்சு வாங்கும். படுத்தால் இன்னும் வாங்கும். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததே, அதுதான் இத்தனை வருடம் கழித்து வேலையைக் காட்டியிருக்கிறது என்றார் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் இருதயப் பேராசிரியர் கிருபாகரன். இருதயத்துக்குள் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. அதை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்த வேண்டும். பொருத்தினால் பழைய சத்தம் போய்விடும். போவதற்குள் அதைப் பதிவு செய்து, மாணவர்கள் கேட்டுப் படிக்க இன்டர்நெட்டில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். ரொம்ப மெல்லிய சத்தம், எத்தனையோ டாக்டர்கள் காதில் விழாமலே தப்பித்துவிடுகிறது என்றார்.

ரகுநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் வருடக்கணக்காக வேலை பார்க்கிற மனுஷர், பதிவு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. பெயர், விலாசம், குவார்ட்டர்ஸ் நம்பர் எதுவும் வராது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சம்மதித்தார். புஷ்பா மகராசி வேறு நினைப்பில் இருந்தாள். ஷூட்டிங் என்று நினைத்துக்கொண்டு பட்டுப்புடவை கட்டி, பவுடர் அப்பி, தலை நிறைய மல்லிகைப்பூவோடு போய் நின்றாள். சத்தம் மட்டும்தான் என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு அப்படியே நிறுத்தச் சொன்னார் பேராசிரியர். நிறுத்தினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். மறுபடி மூச்சு விடச் சொல்ல மறந்தே போனார். இவளோ பெரிய டாக்டர் சொன்ன பேச்சை மீறலாமா என்று கண்ணெல்லாம் பிதுங்கக் கிடந்தாள்.

கடைசியில் தாங்கவில்லை. "மூச்ச உட்டுக்கட்டா சார்?" என்று திணறிக்கொண்டே கேட்டாள்.

அதுவும் பதிவாகிவிட்டது. அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றார்கள் கூட இருந்தவர்கள். பேராசிரியர் வேண்டாம் என்றுவிட்டார். சத்தத்தைக் கேட்கிற ஜோரில் நோயாளியை மறந்துவிடக் கூடாது, அதையும் பிள்ளைகள் இதிலேயே படிக்கட்டும் என்றார். நல்ல மனிதர்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உலோக வால்வு புஷ்பாவின் நெஞ்சுக்குள் டிக் டிக்கென்று கைக்கடிகாரம் மாதிரி ஓட ஆரம்பித்தது. சந்தடி இல்லாத அறையில் பக்கத்தில் இருப்பவர்களுக்கே கேட்கும். ரகுநாதன் ரிட்டயராகி முத்தாபுதுப்பேட்டையில் சொந்த வீடு கட்டினார். மகன் கார்த்திகேசனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்தது. ஷர்மிளா மருமகளாக வந்தாள். பழைய சத்தத்தைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

ஷர்மிளாவுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதுதான் புஷ்பாவுக்குச் சந்தேகம் தட்டியது. பெண் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கினாள். இரண்டு இடத்தில் காட்டினார்கள். ரத்தம் கம்மி, மாசமாக இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது என்றது ஸ்கேன். ஆனால் ஷர்மிளா மூன்று தலையணையை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்குவதைப் புஷ்பா பார்த்துவிட்டாள். மூன்று தலையணைத் தூக்கம் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? சொன்னால் மகன் சிரித்தான், உனக்கு வந்தது ஊருக்கெல்லாம் வரணுமா என்றான். தாயும் பிள்ளையும் ஒருசேரப் போய்விடுவார்களோ என்ற பயம் புஷ்பாவுக்கு. யாராவது ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டால் போதும் என்று வேண்டாத தெய்வமில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஷர்மிளாவின் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. மகன் ஷிஃப்டில் இருந்தான். புஷ்பா ஆட்டோவைக் கூப்பிட்டு, ரகுநாதனையும் இழுத்துக்கொண்டு கோவில்பதாகையில் இருந்த கிளினிக்குக்குப் போனாள். வழக்கமான டாக்டர் லீவு. அவருக்குப் பதில் ஹிபா என்ற சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கும் நூர் முகமதுவின் மகள், கொரோனா காலத்தில் டாக்டருக்குப் படித்தவள் என்று கம்பவுண்டர் சொன்னார்.

"போன்ல படிச்ச புள்ளயா? அதுக்கு இன்னா தெரியும்?" என்று ரகுநாதன் மனைவியின் காதில் முணுமுணுத்தார். முணுமுணுப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார், அறை முழுக்கக் கேட்டது.

ஹிபா கோபித்துக்கொள்ளவில்லை. ஷர்மிளாவை விசாரித்தாள். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள், கதவைச் சாத்தினாள். ஷர்மிளாவை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். புஷ்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். வேறு யாரும் இதுவரை அந்தப் பெண்ணை அப்படித் திரும்பிப் படுக்கச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஹிபா கண்ணைத் திறந்து, "போதும், விடுங்க. இல்லன்னா மூச்ச உட்டுக்கட்டா சார்னு கேப்பீங்க" என்றாள்.

புஷ்பா அப்படியே ஆடிப்போனாள். அந்த வார்த்தையை எங்கே கேட்டாய் என்று ஹிபாவின் கையைப் பிடித்துக் கேட்டாள்.

அது பாடத்தில் வருகிற குரல் என்றாள் ஹிபா. நோயாளிகளைத் தொட்டுப் படிக்க வேண்டிய வருடத்தில் லாக்டவுன் வந்துவிட்டது. வார்டு இல்லை, வாத்தியார் இல்லை. மொட்டைமாடியில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த ஒரு சத்தத்தை இருநூறு தடவையாவது கேட்டிருப்பாள். கடைசியில் அந்தக் குரல் வந்ததும் அழுகையே வந்துவிடுமாம், போனுக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே ஒரு மனுஷி இருக்கிறாள் என்று. அவளோடு படித்த செட்டில் எல்லோருக்கும் அது உட்டுக்கட்டா அக்கா.

"இவங்க நெஞ்சுல கேக்குறதும் அதே சத்தம்தான் ஆன்ட்டி. உடனே இருதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கணும்" என்றவள், குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அந்த அக்கா இப்ப உயிரோட இருக்காங்களோ இல்லையோ. அவங்கதான் எனக்கு இதச் சொல்லிக் குடுத்தாங்க."

"கீறேன்மா" என்றாள் புஷ்பா. "இங்கதான் கீறேன்."

ஹிபாவுக்கு முதலில் விளங்கவில்லை. ஃபேன் நின்ற அறையில் டிக் டிக்கென்ற சத்தம் மட்டும் கேட்டது. அது எங்கிருந்து வருகிறது என்று ஹிபா சுவரைப் பார்த்தாள், தன் மணிக்கட்டைப் பார்த்தாள், பிறகு புஷ்பாவின் நெஞ்சைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். ரகுநாதன் முகத்தில் ஈயாடவில்லை.

எக்கோவும் அதையேதான் சொன்னது, ஷர்மிளாவுக்கும் வால்வு சுருங்கியிருக்கிறது என்று. அன்றைக்கே ஹிபா போன் போட்டுப் பேசி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வைத்தாள். காலில் உள்ள ரத்தக்குழாய் வழியாகப் பலூனை இருதயம் வரைக்கும் கொண்டுபோய் வால்வை விரித்துவிட்டார்கள். அதற்கு முந்தின நாள், ஷர்மிளாவின் சத்தத்தைப் பதிவு செய்யலாமா என்று அங்கே கேட்டபோது, தாராளமாகச் செய்யுங்கள் என்று முந்திக்கொண்டு சொன்னது ரகுநாதன்தான். எழுதிக்கூட வாங்கவில்லை. புஷ்பா மருமகளுக்குத் தலைவாரிப் பவுடர் போட்டுவிட்டாள். முகம் வராது அத்தே என்று ஷர்மிளா சொன்னாள். வராவிட்டால் என்ன என்றாள் இவள்.

ஒன்பது மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. நாற்பத்தைந்தாம் நாள் ஆட்டோ பிடித்து, குழந்தையோடு கோவில்பதாகைக்குப் போனார்கள். ஹிபா ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டெதஸ்கோப்பைக் கையில் தேய்த்துச் சூடாக்கிக் குழந்தையின் நெஞ்சில் வைத்தாள். கண்ணை மூடி வெகுநேரம் கேட்டாள். ஒருத்தரும் அசையவில்லை.

"மூச்ச உட்டுக்கட்டாம்மா?" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ரகுநாதன், முகமெல்லாம் சிவந்துபோய் நின்றிருந்தார்.

"விடுங்க அங்கிள்" என்றாள் ஹிபா. "பாப்பா நல்லா இருக்கா."