முதல் அதிர்வை விட்டுவிடு

கடையில் காசு கட்டும் இடத்தில் நேற்றுக் கணினி அசையாமல் நின்றுவிட்டது. "கொஞ்சம் பொறுங்கோ அங்கிள், சிஸ்டம் யோசிக்குது" என்றாள் அந்தப் பிள்ளை. என் கையில் ஒரு கோதுமை மாப் பை. அந்த மணத்தோடு திருகோணமலைத் துறைமுகக் கரைக்குப் போய்விட்டேன். வயதானால் இப்படித்தான், உடம்பு ஓரிடத்தில் நிற்கும், ஆள் வேறிடத்தில் நிற்பார்.

சண்டைக் காலம். கப்பலில் வரும் கோதுமையை ஆலைக்குள் கொண்டுபோகும் நீண்ட பெல்ட்டை ஓட்டுகிற கருவி பழுதாகிவிட்டது. புதியதற்கு அனுமதி இல்லை. கந்தோரில் கடிதம் அடிக்கக் கிடந்த சாதாரணக் கணினியை வைத்து ஓட்டச் சொல்லி, ஆலையில் கணினி வேலை பார்த்த என் தலையில் கட்டினார்கள். சாதாரணக் கணினிக்கு அவசரம் தெரியாது. அது கடிதம் அச்சிட்டுக்கொண்டிருந்தால், 'பெல்ட்டை நிறுத்து' என்ற கட்டளையும் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஆகவே அதன் இயங்குதளத்துக்கு அடியில் இன்னொரு சிறு நிரலைச் செருகினேன். பெல்ட்டின் வேலை வந்தால் மற்றதெல்லாம் அந்தக் கணமே ஒதுங்கி வழிவிடும். மண்டையை உடைத்து அதைச் செய்து முடித்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வினை அங்கேதான் தொடங்கியது. பெல்ட்டில் ஏதும் சிக்கினால் உணர்வதற்கு ஓர் அதிர்வுக் கருவி பூட்டியிருந்தது. துறைமுகத் தண்ணீருக்கடியில் யாரும் நீந்தி வராமலிருக்கக் கடற்படையினர் நாள் முழுக்கச் சிறு வெடிகள் போடுவார்கள். 'தொம்' என்று கேட்கும், உட்கார்ந்திருக்கும் கதிரை ஒருதரம் நடுங்கும். மந்தமாக இருந்தவரை கணினி அதைத் தவறவிட்டது. கெட்டிக்காரனாக்கிய பிறகு ஒவ்வொரு வெடிக்கும் பெல்ட்டை நிறுத்தியது. கப்பல் காத்து நின்றது, மேலாளர் சத்தம் போட்டார். நாங்களே வெடிக்குப் பழகிவிட்டோம், இதையும் பழக்கினால் என்ன என்று ஒரு வரி எழுதினேன்: முதல் அதிர்வை விட்டுவிடு, உடனே இரண்டாவது வந்தால் நிறுத்து.

பெல்ட்டுக்குப் பொறுப்பு, குறிஞ்சாக்கேணியிலிருந்து வரும் ரபீக் நானா. "தம்பி, ஒண்டு எண்டா வெடி, ரெண்டு எண்டா மனிசன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ நானா" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த கிழமை, காலைத் தேநீருக்குப் பிறகு, உருளையில் மாட்டிய சாக்குத் துண்டை இழுக்கப்போய் அவருடைய சட்டைக் கை சிக்கிக்கொண்டது. முதல் அதிர்வு முழங்கை. கணினி அதை விட்டுவிட்டது. இரண்டாவது தோள். அப்போது சொல்லிவைத்தபடி, ஒரு கணமும் பிந்தாமல் பெல்ட் நின்றது.

ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "தம்பி, உங்களுக்கு ஒண்டுமே கேக்கேல்லையா?"

"இல்லை நானா, பெல்ட் இரைச்சல்" என்றேன்.

அவர் கத்தியது கேட்கவில்லை, உண்மை. ஆனால் முதல் 'தொம்' கேட்டது. வெடி என்று நினைத்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

இப்போது வெடிகள் இல்லை. அந்த பெல்ட்டையும் கழற்றி இரும்புக்கு விற்றுவிட்டார்கள். ரபீக் நானா போன வருடம் மௌத்தாகிவிட்டார். கேட்டது என்று சொல்ல எனக்கு இனி ஆள் இல்லை.