121-ஐ அழித்துவிட்டு 110 எழுதிய ஜெராக்ஸ் அக்கா

இன்று நகல் எடுக்கப் போன இடத்தில் கட்டாஃப் அக்காவைச் சந்தித்தேன். போன வேலையை மறந்து இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கோச்சிங் சென்டர்கள் வரிசையாக நிற்கும் தெருவில், மாடிப்படிக்குக் கீழே, இரண்டு மெஷின் போக இரண்டு பேர் மட்டும் நெருக்கி நிற்கக்கூடிய கடை. அக்காவும் சிவில் இன்ஜினியரிங் படித்தவர்தான். அரசு வேலைத் தேர்வுகளை எழுதி எழுதி வயது வரம்பு தாண்டியதும், "எழுதறவங்களுக்குப் பேப்பராவது குடுப்போம்" என்று ஜெராக்ஸ் கடை போட்டுவிட்டார். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு நீள நோட்டு. ஜூனியர் இன்ஜினியர் தேர்வின் விடைக்குறிப்பு வெளியானதும் அதைப் பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள், வாசலிலேயே டிக் அடித்து, தப்புக்குக் கால் மார்க் கழித்து, பெயரையும் மொத்தத்தையும் அந்த நோட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். அக்கா எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக அடுக்குவார். எத்தனை காலியிடம், கேள்வித்தாளில் சர்வே பகுதி எவ்வளவு கடினம் என்று கணக்குப் போட்டு, வாசல் போர்டில் ஓர் எண்ணை எழுதுவார். இரண்டாம் கட்டத் தேர்வுக்குப் போகக் குறைந்தது இவ்வளவு மார்க் வேண்டும் என்பது அவர் கணிப்பு.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்பார். வருஷா வருஷம் நிஜ கட்டாஃப் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். "கட்டடத்துக்கே ஃபேக்டர் ஆஃப் சேஃப்டின்னு கொஞ்சம் கூட்டித்தானே வைக்கிறோம், இதுக்கு வைக்கக் கூடாதா" என்று சமாளித்துவிடுவார்.

இந்த வருஷம் 121 என்று எழுதினார்.

அன்று சனிக்கிழமை. வீட்டுக்குப் போனால், நாத்தனார் நாற்காலி மேல் ஏறி நின்று புத்தகங்களைப் பரணில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியூரில் ஓர் அடுக்குமாடி சைட்டில் இன்ஜினியர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் இரண்டாம் தேர்வுக்குப் படிக்க மூச்சுவிட நேரம் இருக்காது.

"ஏன்டி, ரிசல்ட்டே வரலையே. அதுக்குள்ள மூட்டை கட்டறே?"

"உங்க போர்டைப் பார்த்துட்டுத்தான் அண்ணி. எனக்கு நூத்திப்பன்னெண்டு."

அக்காவுக்கு ஒன்று உறைத்தது. "நோட்டுல உன் மார்க் இல்லையே."

"நல்லா இருக்கு கதை. நூத்திமுப்பது வாங்கினவன் மீசையை முறுக்கிட்டு எழுதுவான், அவனுக்குக் கீழ நான் போய் நூத்திப்பன்னெண்டுன்னு எழுதணுமா? என்கூட எழுதின ஏழு பேருமே உங்க கடைப்பக்கம் வரலை. எதிர்க்கடையில பிரிண்ட் எடுத்துட்டுத் தலையைக் குனிஞ்சுட்டுப் போயிட்டாங்க. மேலாப்புல இருக்கற சோத்தையே நசுக்கிப் பார்த்துட்டு, பானைக்கே பதம் சொல்றீங்க அண்ணி."



ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து போனும் கையுமாக உட்கார்ந்தார். ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கத் தன் போனுக்கு அனுப்பியவர்களில் நோட்டில் எழுதாதவர்களைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொருவராக அழைத்தார். "ஜெராக்ஸ் கடையிலேருந்து பேசறேன். மார்க்கை மட்டும் சொல்லு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஒருவன் குரலை இறக்கினான். "அக்கா, எங்கப்பாகிட்ட நூத்திமுப்பதுன்னு சொல்லி வச்சிருக்கேன். பக்கத்துல இருக்காரு. மொட்டை மாடிக்குப் போய்க் கூப்பிடறேன்." கூப்பிட்டான். 114.

சாயங்காலத்துக்குள் அறுபத்துநான்கு மார்க் சேர்ந்தது. பெரும்பாலும் 115-க்குக் கீழே. பெயர் போடாமல் அவற்றையும் நோட்டில் சேர்த்து அக்கா திரும்ப அடுக்கினார். போர்டில் 121-ஐத் துடைத்துவிட்டு 110 என்று எழுதினார். கீழே, 'முதலில் எழுதியது என் தப்பு.'

தெருவில் ஆறாவது முறையாகத் தேர்வு எழுதியிருக்கும் தாடிக்காரர் ஒருவர் உண்டு. எல்லாரும் சீனியர் என்பார்கள். அவர் போர்டைப் பார்த்துச் சிரித்தார். "ஒரே நாள்ல பதினொண்ணு இறங்கிடுச்சே. வீட்ல யாருக்காவது கம்மியா வந்திருக்காக்கா?"

"ஆமா, நாத்தனாருக்கு நூத்திப்பன்னெண்டு. அவ சொல்லித்தான் தப்பே தெரிஞ்சுது. நோட்டு இந்தா இருக்கு. நீயே எண்ணிப் பாரு."

சீனியர் நிஜமாகவே எண்ணினார். கடைசிப் பக்கம்வரை போய், பேனாவை மூடினார். "நூத்திப்பத்தே ஜாஸ்தியோன்னு தோணுதுக்கா."

வீட்டில் நாத்தனார் கேட்டாள்: "இதுவும் தப்பாப் போச்சுன்னா?"

"உங்கண்ணன்கிட்ட நான் திட்டு வாங்கிக்கறேன். ஆனா வேலை போறது உனக்குத்தான். அதையும் யோசிச்சுக்கோ."

அன்று ராத்திரியே, சைட்டுக்கு வரவில்லை என்று அவள் செய்தி அனுப்பினாள். அடுத்த பதினோரு நாள் கடையில் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தாள். அக்காவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு ரிசல்ட். கட்டாஃப் 110.75. பட்டியலில் தன் எண்ணைப் பார்த்ததும் நாத்தனார் சொன்னது இவ்வளவுதான்: "முக்கால் மார்க் தப்பு அண்ணி." அக்கா அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பி மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

இப்போது கடையில் நோட்டு இல்லை. மேலே சீட்டு போட ஓட்டை வெட்டிய ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. பெயர் போடாமல் மார்க்கை மட்டும் சீட்டில் எழுதிப் போட்டால் போதும். தேர்வு எழுதுகிற யாரையாவது தெரிந்தால் இதை அனுப்பிவிடுங்கள். குறைவாக வாங்கியவர்கள் கட்டாயம் போங்கள். உங்கள் சீட்டு இல்லாமல் அக்காவால் சரியாகச் சொல்ல முடியாது.