தொதலுக்கு எங்கன மூஞ்சி

'க்ரோத் புராடக்ட் மேனேஜர்' என்று என் வேலையைச் சொன்னால், எங்கள் கீழக்கரையில் கல்யாண வீட்டில்கூட யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. உம்மா மட்டும் ஒருநாள் கேட்டாள்.

"வாசல் வரைக்கும் வந்த ஆளு உள்ள வராம ஏன் திரும்பிப் போறாகன்னு பாக்குற வேலைம்மா."

"இதுக்குச் சம்பளம் வேறயா!" என்றாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

எங்கள் கம்பெனியின் செயலியில் பெண்கள் வீட்டில் செய்த பண்டங்களை விற்கலாம். மதுரையில் ஓகோவென்று ஓடியது. எங்கள் கடற்கரையில் மட்டும் படுத்துவிட்டது. பேர், முகவரியெல்லாம் கொடுப்பார்கள், அதோடு ஆளைக் காணோம். இப்படியே போனால் இந்தப் பக்கம் மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது.

எனக்குக் கவலையாகிவிட்டது. வேலைக்காக அல்ல, காக்காவுக்காக. அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். துபாயில் சுமை தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டு வந்தவன், மறுபடியும் விசாவுக்குச் சொல்லிவைத்திருந்தான். அவன் மனைவி, என் மைனி, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுகிற தொதல் விற்றால் அவன் போக வேண்டியதில்லை. அவளைச் செயலியில் சேரச் சொன்னவளே நான்தான்.

அன்று எரிச்சலோடு அடுப்படிக்குப் போனேன். மைனி செல்லை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏண்டி, ஒங் கம்பெனிக்குக் கண்ணு தெரியாதா? எத்தனை மட்டம் அனுப்புறது? முகம் தெளிவா இல்லைங்குது. தொதலுக்கு எங்கனடி மூஞ்சி?"

'விற்பவர் படம்' கேட்ட இடத்தில் தட்டு நிறையத் தொதல்! ஊர் பார்க்கத் தன் முகத்தையா கேட்பார்கள் என்று பண்டத்தைப் படமெடுத்திருக்கிறாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. பிறகு மற்ற பெண்கள் அனுப்பியதைத் திறந்தேன். வட்டலப்பம், ஓட்டுமாவு, மண்டபத்து இறால் ஊறுகாய். எல்லாவற்றுக்கும் அதே பதில். யா அல்லாஹ்! வாசலில் நின்று முகத்தைக் காட்டு என்று விரட்டியது நாங்கள்தான்.

சென்னையிலிருந்த என் மேலதிகாரியம்மாவிடம் சொன்னேன். முகம் தெரியாமல் யார் நம்பி வாங்குவார்கள் என்பதுதான் கம்பெனியின் நினைப்பு. அவர் கொஞ்சம் யோசித்தார்.

"முகத்தை எடுத்துடு. பண்டத்தோட படமே போதும். சரியா வரலேன்னா மேல நான் பதில் சொல்லிக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள். பெண்கள் திபுதிபுவென்று சேர்ந்தார்கள். நோன்பு மாதம் பிறந்தபோது மைனிக்குச் சட்டியை இறக்க நேரமில்லை. காக்காதான் உட்கார்ந்து வெட்டி, பொட்டலம் கட்டினான்.

அப்போது டிராவல்ஸிலிருந்து போன். நான்தான் எடுத்தேன். விசா வந்துவிட்டதாம். மைனியின் முகம் செத்துவிட்டது. அடிப்பிடித்துவிடுமே என்று கரண்டியை மட்டும் விடவில்லை.

காக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான்.

"வேற ஆளை அனுப்பிக்கிங்க பாய். எங்க வீட்டுலயே வேலைக்கு ஆள் பத்தல."