மைதீன் பாய் கரைத்த உப்பு

குத்துக்கல்வலசையில் ஒரு வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக்கொண்டிருந்தோம். பொக்லைன் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். “சார், நம்ம மைதீன் பாய் காலையில மவுத்தாயிட்டாராம்” என்றார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. போன வாரம்கூடப் போனில் பேசிய மனிதர் இப்படிச் சொல்லாமல் செத்துப்போகலாமா?

கடையநல்லூர் மைதீன் பாயை உங்களில் பலருக்குத் தெரியும். குற்றாலம் மலையடிவாரம் முதல் பாவூர்சத்திரம் வரை எத்தனையோ வீடுகளுக்குப் பொக்லைன் ஓட்டித் தோண்டியவர். எந்தக் குழியானாலும் தோண்டி முடித்ததும் இறங்கி, தன் குடிதண்ணீர் பாட்டிலை அதில் கவிழ்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அடிவாரச் சரளையில் தண்ணீர் நிற்காது. செம்மண் செவலில் கொஞ்சம் யோசிக்கும். கரிசலில் அப்படியே கிடக்கும். “அருவில விழுத தண்ணியப் பாக்க ஊரே வருது சார். மண்ணுக்குள்ள போற தண்ணிய யாரு பாக்கா?” என்பார். நான் சிரிப்பேன். நான் இன்ஜினியர் அல்லவா!

என் சொந்த வீட்டுக்கும் அவர்தான் தோண்டினார். வரைபடம் நான் போட்டது. கழிவுநீர்க் குழியில் பாட்டிலைக் கவிழ்த்தார். தண்ணீர் சட்டென்று மறைந்தது. “நல்லதுதானே பாய்” என்றேன். அவர் சற்றுத் தள்ளியிருந்த எங்கள் குடிதண்ணீர்க் கிணற்றைப் பார்த்தார்.

“இவ்வளவு வேகமா எங்க சார் போவுது? இங்கன வேண்டாம்.”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. வார்த்தை தடித்தது. விருட்டென்று போனவர், மத்தியானம் ஒரு மூட்டை கல் உப்போடு திரும்பி வந்தார். குழியில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கரைத்தார். “தெனமும் ஒரு வாய் கெணத்துத் தண்ணி குடிச்சுப் பாருங்க.”

மூன்று நாள் ஒன்றுமில்லை. எனக்குக் கொஞ்சம் மிதப்பாகவே இருந்தது. நான்காம் நாள் காலை என் மனைவி, “காப்பி என்னங்க இப்படிக் கரிக்கி?” என்றாள். கிணற்றடிக்கு ஓடினேன். தண்ணீர் உப்புக் கரித்தது. உப்பு வந்த வழியில்தானே நாளைக்குக் கழிவும் வரும்? பிள்ளைகளுக்கு எதைக் குடிக்கக் கொடுக்க இருந்தேன்!

பாய்க்குப் போன் செய்தேன். ‘நான் சொன்னேன்ல’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“உப்பு வந்துட்டா! எத்தன மணிக்கு சார் வந்துச்சு?”

மணி பார்க்கவில்லை என்றதும்தான் திட்டினார். கிணற்றை இறைத்துவிட்டு, குழியை மனையின் மறுகோடியில் தோண்டினோம்.

நேற்று பாயின் கபர்க்குழியை மூடி, மண்மேல் தண்ணீர் ஊற்றினார்கள். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். என் கண் கைக்கடிகாரத்துக்குப் போய்விட்டது. பாயிடமிருந்து என்னிடம் தங்கியது இந்த ஒரு பழக்கம்தான். அங்கேயே அழுதுவிட்டேன்.

செவல் மண், பாய். இருபது நொடி. இந்த முறை மணி பார்த்துவிட்டேன்.