மண்ணீரல் இல்லாமல் ஓட்டிய பதினோரு வருஷம்

செபஸ்தியான் அண்ணாச்சி இறந்த செய்தி வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் எனக்கு வந்தது. டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் ஜெனிட்டா போனில், "அப்பா போயிட்டாவ சித்தப்பா" என்றாள். முந்தின நாள் பிற்பகல் வரை அவர் ஓட்டிய பேருந்தில்தான் நான் கண்டக்டர். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

புன்னக்காயல்காரர். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் டிரைவராக எங்கள் டிப்போவுக்கு வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவரோடு டியூட்டி. வயதானவர்கள் ஏறினால், அவர்கள் உட்காரும் வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார். அதன் பிறகுதான் வண்டி நகரும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், கங்கைகொண்டான் பக்கம் முன்னே போன லாரி சட்டென்று நின்றுவிட்டது. பிரேக் பிடித்தும் வண்டி போய் மோதியது. பயணிகளில் ஒருவருக்கும் பெரிய காயமில்லை. அண்ணாச்சியின் வயிற்றில் ஸ்டியரிங் அழுத்தி மண்ணீரல் கிழிந்துவிட்டது. அதை எடுத்துத்தான் அவரைப் பிழைக்க வைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அவரையும் கூட இருந்த என்னையும் உட்கார வைத்து விளக்கினார். உடம்புக்குக் காவலாகத் தோல் இருக்கிறது, வெள்ளணுக்கள் இருக்கின்றன, காய்ச்சல் வந்து கிருமியோடு போராடவும் செய்யும். ஆனால் சில கிருமிகள் மேலே ஓர் உறையைப் போர்த்திக்கொண்டு இரத்தத்துக்குள் நுழையும், அவற்றை வடிகட்டிப் பிடிக்கிற இடம் மண்ணீரல்தான் என்றார். அது இல்லாதவர் உடம்பில் அவை ஒரே நாளில் பெருகிவிடுமாம். தடுப்பூசிகளைக் காலம் தவறாமல் போட வேண்டும், நடுக்கம் கண்டால், எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டிய கிருமிக்கொல்லி மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே வர வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்: "வெறும் காய்ச்சல்னு ஒண்ணு உங்களுக்கு இனிமே கிடையாது."

அண்ணாச்சி அதைத் தன் வழியில் புரிந்துகொண்டார். "நம்ம வண்டில செக்கிங் இல்லவே. டிக்கெட் எடுக்காதவன் ஏறினா கேக்க ஆள் கிடையாது" என்பார்.

பல வருஷம் கவனமாகவே இருந்தார். ஒரு முறை ஊர்த் திருவிழாவில் காய்ச்சல் வந்தது. சப்பரம் தெருவில் வரும்போதே கிளம்பிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மூன்று நாளில் நலமாகித் திரும்பினார். அது டிப்போவில் கேலியாகிவிட்டது. தும்மினாலே கட்டில் தேடுகிறவர் என்றார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். லீவு கேட்டுப் போனால் மேலே இருப்பவர்கள் முகம் சுளித்தார்கள். பையப் பைய அவர் லீவு கேட்பதையே விட்டுவிட்டார். மறு ஊசி போட வேண்டிய வருஷம் தாண்டிப் போனது எனக்குத் தெரியும். மாத்திரை சட்டைப் பையில் இல்லை என்பதும் தெரியும்.

ஆடி அமாவாசையன்று பாபநாசத்துக்கு எங்கள் வண்டி சிறப்புப் பேருந்து. காலை எட்டு மணிக்கே படிக்கட்டு வரை கூட்டம். அண்ணாச்சி வண்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேலு நடுங்குதுவே. ஆஸ்பத்திரிக்குப் போயிரட்டுமா?" என்று கேட்டார்.

மாற்று டிரைவர் கிடையாது. ஜனம் சத்தம் போடத் தொடங்கியிருந்தது. "சாரல் காத்துதான் அண்ணாச்சி. ஒரு நடை போயிட்டு வந்து பாத்துக்கிடுவோம்" என்றேன்.

கட்டியிருந்த கையைப் பிரித்தார். பிறகு, "சரிவே" என்று ஏறி உட்கார்ந்தார்.

பாபநாசத்தில் ஒரு மரத்தடியில் வாந்தி எடுத்தார். பிடித்துப் பார்த்தால் கை சில்லென்றிருந்தது. கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அப்போதாவது அம்பாசமுத்திரத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. திருநெல்வேலி வரை ஓட்டி வந்துவிட்டார். எல்லோரும் இறங்கிய பிறகு அவரால் எழுந்திருக்க முடியவில்லை. தூக்கித்தான் ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் பார்க்கும்போது காலெல்லாம் கருநீலப் புள்ளிகள். நடுக்கம் தொடங்கியதுமே வந்திருந்தால் வழி இருந்திருக்கும் என்றார் டாக்டர். மறுநாள் பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது.

புன்னக்காயல் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கினோம். நானும் ஒரு பிடி மண் போட்டேன். வெளியே வரும்போது அவருடைய மனைவி ரோஸ்லின் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலைலயே மேலுக்கு முடியலன்னு உங்ககிட்ட சொன்னாவளா தம்பி?"

"இல்ல மதினி. நல்லாத்தான் இருந்தாவ" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்போ வீட்ல வச்சு நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார். அதைக் கேட்ட பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

மதினி, நீங்கள் எதையும் கவனிக்காமல் விடவில்லை. எட்டு மணிக்கே என்னிடம் சொன்னார். போகட்டுமா என்று கேட்டார். அவரை வண்டியில் ஏற்றியவன் நான். இதைப் படித்து நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். உங்களை நீங்கள் மன்னித்துக்கொண்டால் போதும்.

அண்ணாச்சி, உங்களுக்கு விடை கொடுக்க எத்தனையோ முறை வாயெடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி கிடக்கட்டும் என்றுதான் வருகிறது.