சொர்ணம் அக்கா எழுத மறுத்த இரண்டாம் பாகம்

சொர்ணம் அக்கா காலமான செய்தியைக் கல்லூரிப் பியூன் வந்து சொன்னபோது நான் வகுப்பில் இருந்தேன். மறுநாள் இரங்கல் கூட்டத்துக்கு, ஓய்வுபெற்ற எங்கள் தாவரவியல் துறைத் தலைவர் தலைமை தாங்கியது எனக்கு இரண்டாவது அடி. "கோடை விடுமுறையெல்லாம் ஏழைக் குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் பின்னிய தாயுள்ளம்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அக்காவுக்கு அதற்கெல்லாம் எப்படி நேரம் கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை. அக்காவோடு அதே துறையில் வேலை பார்த்த நான் சொல்கிறேன்.

அக்கா தென்காசிக்காரர். 1950களில், கோடை விடுமுறையின் கடைசி வாரங்களில் சாரல் தொடங்கியதும் குற்றால மலையேறிப் பெரணிச் செடிகளைத் தேடுவார். நானும் சில நாள் கூடப் போயிருக்கிறேன். அட்டை கடித்த காலில் ரத்தம் வழிவது தெரியாமல், பாறையில் அமர்ந்து இலையின் அடிப்பக்கத்தை வரைந்துகொண்டிருப்பார். அப்படிப் பல கோடைகள் எழுதியதில் பாதியைப் படித்துப் பார்க்கும்படி துறைத் தலைவரிடம் கொடுத்தார். அது புத்தகமாக வந்தது. முதல் பாகம், தலைவர் பெயரில். முன்னுரையில், 'படம் வரைய உதவிய சகோதரிக்கு' நன்றி. கல்லூரி முதல்வரிடம் முறையிடப் போன அக்காவுக்குக் கிடைத்த பதில், பெரிய மனிதரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான்.

அடுத்த கோடையில் இரண்டாம் பாகம் கேட்டு, தலைவர் தென்காசிக்கே காரில் வந்துவிட்டார். அன்று நான் அங்கே இருந்தேன். அக்கா அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் பின்னல் ஊசிகளைக் கையில் எடுத்தார். மடியில் சின்னதாய் ஒரு சிவப்பு ஸ்வெட்டர். செங்கோட்டைக்கு அப்பால் மலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் மழையில் நடுங்குவதைச் செடி தேடிப் போன இடத்தில் பார்த்திருந்தார்.

"லீவுதானேம்மா? மிச்சத்தை முடிச்சுக் குடுத்திரலாமே."

"நேரமில்லை சார்."

"இதுக்கு மட்டும் நேரம் இருக்கோ?"

"இதுக்கே காணலை சார். இன்னும் ஒரு கை பின்னணும். பிள்ளைக குளிர்ல நிக்குதுல்லா?"

ஊசிகள் நிற்கவில்லை. அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் துறைக் கூட்டத்தில் அக்கா எழுந்து பணிவாகக் கேட்பார்: "சார், ரெண்டாம் பாகம் எப்ப சார் வருது?" எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். 'விரைவில்' என்பார் தலைவர். அந்த 'விரைவில்' அவர் ஓய்வுபெறும்வரை வரவில்லை.

"உங்க பேர்லயே எழுதுங்க அக்கா. உங்களுக்கும் நஷ்டம்தானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நஷ்டந்தான்ட்டி. அவரு முதல் பாகத்துக்கு வாலா நான் வரணுமாக்கும்? மன்னிக்கச் சொல்லுதாங்க. மன்னிச்சா அவரு நிம்மதியாத் தூங்குவாரு. அவரைத் தூங்க வைக்கிறதா என் வேலை?"

இரங்கல் கூட்டம் முடிந்ததும் தலைவர் என்னருகே வந்தார். குரலைத் தாழ்த்தி, "அந்த அம்மாவோட மீதிக் குறிப்பெல்லாம் வீட்டுல இருக்குமா?" என்றார்.

"இல்லை சார். போன கோடையிலேயே வெந்நீர் அடுப்புல போட்டுட்டாங்க. நான்தான் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தேன்."

அவர் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்குப் பார்க்கக் கிடைக்காத அந்த முகத்தை நான் வைத்திருக்கிறேன். அக்காவின் கோபத்தையும்தான். இரண்டையும் யாருக்கும் தருவதாக இல்லை.